கல்யாண விருந்தாளிகளுக்கு ஓட்டல் அறை: தலைக்கணக்கு வேண்டாம், இரவுக்கணக்கு போடுங்கள்

கேள்வி: தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லேஸ்வரத்தில் என் மகளுக்குக் கல்யாணம். சனி மாலை வரவேற்பு, மறுநாள் காலை 6 முதல் 7.30 வரை முகூர்த்தம். தூத்துக்குடி, திருநெல்வேலி, சென்னையிலிருந்து 80 பேர் வந்து தங்குவார்கள். மண்டபத்தில் ஆறு அறைகள்தான். பக்கத்து ஓட்டலில் 40 அறைகளை இரண்டு இரவுக்கு மொத்தமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி, பாதிப் பணம் இப்போதே கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா?
- ஒரு வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. எண்பதை இரண்டால் வகுத்தால் நாற்பது வரும், கல்யாண வீடு அப்படி வகுபடாது. குழந்தைகள் பெற்றோரோடு படுத்துக்கொள்வார்கள். அத்தை, சித்தி, பெரியம்மா மூவரும் ஒரே அறையில் எக்ஸ்ட்ரா பெட் போட்டுக்கொண்டு விடிய விடியப் பேசத்தான் ஆசைப்படுவார்கள். கல்லூரிப் பையன்கள் எப்படியும் மண்டபத்தில்தான் கிடப்பார்கள்.

ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: வெள்ளி இரவு, சனி இரவு, ஞாயிறு பகல். ஒவ்வொரு குடும்பமும் எந்த வண்டியில், எத்தனை மணிக்கு வருகிறது என்று அதில் எழுதுங்கள். பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் வரும் சென்னைக்காரர்கள் சனிக்கிழமை மதியத்துக்கு மேல்தான் வந்து சேர்வார்கள். அவர்களுக்கு ஒரே இரவு போதும். தூத்துக்குடி - மைசூரு எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் காலையிலேயே மெஜஸ்டிக் ரயில் நிலையத்தில் இறங்கிவிடுவார்கள். ஓட்டல்களில் செக்-இன் பெரும்பாலும் பகல் 12 அல்லது 2 மணிக்கு. இரவெல்லாம் ரயிலில் வந்த எழுபது வயதுப் பெரியவர்களைப் பல் தேய்க்கக்கூட இடமில்லாமல் லாபி சோபாவில் உட்கார வைப்பதை என்னால் ஏற்கவே முடியாது. அவர்களுக்காக நாலைந்து அறைகளை மட்டும் வெள்ளி இரவிலிருந்தே எடுங்கள். முறை வைத்துக் குளித்து, காபி குடித்து, சற்றுக் காலை நீட்டிக்கொள்வார்கள். மற்ற அறைகள் சனி பகலிலிருந்து போதும்.

ஞாயிற்றுக்கிழமையைப் பலரும் யோசிப்பதே இல்லை. முகூர்த்தம் முடிந்து ஆசீர்வாதம், சாப்பாடு எல்லாம் நடக்கும்போதே ஓட்டலில் செக்-அவுட் நேரம் வந்துவிடும். ஊருக்கு வண்டியோ மாலையில் அல்லது இரவில். பெட்டி வைக்கவும் புடவை மாற்றவும் மூன்று அறைகளை மாலை வரை வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக எல்லா அறைக்கும் இன்னொரு நாள் வாடகை தர வேண்டியதில்லை.

இப்போது பணம். ரயிலில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. டிக்கெட் எடுக்கும்வரை யார் வருகிறார்கள் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆகவே, வேண்டாத அறைகளைப் பணப்பிடித்தம் இல்லாமல் திருப்பிக் கொடுக்கும் ‘ரிலீஸ் தேதி’யைக் கல்யாணத்துக்கு 30 நாள் முன்பு வரையாவது நீட்டிக் கேளுங்கள். அதற்குப் பிறகும் சில அறைகளைக் குறைக்கலாமா, குறைத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ‘பார்த்துக்கலாம் மேடம்’ என்பதை மின்னஞ்சலில் வாங்கினால்தான் அது பேச்சு. பெங்களூரில் ஓட்டல்கள் வாரநாட்களில்தான் கம்பெனிக்காரர்களால் நிரம்புகின்றன. உங்களுடையது சனி, ஞாயிறு, தைரியமாகப் பேரம் பேசலாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒற்றைப்படை ஆண்டுகளில் பிப்ரவரியில் யெலஹங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும். முகூர்த்தம் அதையொட்டி வந்தால் வாடகை ஏறிவிடும், பேரமும் எடுபடாது.

வரியையும் கேளுங்கள். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். தாண்டினால் 18. அதாவது 7,500 ரூபாய் அறைக்கு மொத்தம் 7,875; 7,600 ரூபாய் அறைக்கு 8,968. நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்ல இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

காலை டிபனோடு சேர்த்த வாடகையை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓட்டலில் டிபன் ஏழு மணி வாக்கில்தான் தொடங்கும். நம் ஆட்கள் ஐந்து மணிக்கே பட்டுப்புடவையும் பூவுமாக லிஃப்ட் வாசலில் நிற்பார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு வேண்டியது ஒரு டம்ளர் டிகிரி காபி. சமையல்காரரிடம் சொல்லி 4.30-க்கு இரண்டு பெரிய பிளாஸ்க்கில் ஓட்டலுக்கு அனுப்பிவையுங்கள். வெளிக் காபியை உள்ளே விடுவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறைப் பட்டியலை மூன்று நாள் முன்பே ஓட்டலில் கொடுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு லிஃப்ட் பக்கத்தில் அறை, வெஸ்டர்ன் டாய்லெட். வயது வந்த எல்லோரும் ஆதார் போன்ற ஓர் அடையாள அட்டை கொண்டுவர வேண்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அதைக் கையோடு எடுத்துவரட்டும். அவர்கள் தங்கும் தகவலை ஓட்டல்காரர்கள் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.

கேள்வி: மாப்பிள்ளை வீட்டாரையும் நம் உறவினர்களையும் ஒரே ஓட்டலில் தங்க வைக்கலாமா?
- ஒரு வாசகர், அல்சூர்

பதில்: தாராளமாக. ஆனால் மாடி வேறாக இருக்கட்டும், இரண்டு பக்கத்துக்கும் ஒரே தர அறையாக இருக்கட்டும். அவர்கள் மாடியில் நம் வீட்டுப் பொறுப்பான ஒருவர், வரவேற்பு முடிந்து கடைசி ஆள் அறைக்குப் போகும்வரை இருக்க வேண்டும். அறை வாடகை நம் கணக்கு, துணி துவைப்பதும் ரூம் சர்வீஸும் அவரவர் கணக்கு என்று வைத்தால், அதைச் சம்பந்தியிடம் நீங்களே நேரில் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். ரிசப்ஷன் பையன் வாயால் அவர்கள் கேட்கக் கூடாது.