செட்டில் இல்லாத கார்டுக்குத்தான் விலை

அமெரிக்காவில் இருந்துகொண்டு பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட பழைய கார்டுகளைச் சேர்க்கிற வாசகர்களின் கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த வாரம் முழுக்க அவர்களுக்கே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: டாப்ஸ் நிறுவனம் 1953ஆம் வருடம் போட்ட கார்டுகளின் செட் வாங்கினேன். கடைசி எண் 280. என்னிடம் இருப்பவை 274. விற்றவரிடம் கேட்டேன். மீதி ஆறும் அபூர்வமானவை, தேடித் தருகிறேன் என்று 600 டாலர் முன்பணம் வாங்கிக்கொண்டார். இப்போது போனை எடுப்பதில்லை. (எடிசன், நியூ ஜெர்சி)

ப: உங்களிடம் இருப்பது முழு செட். 253, 261, 267, 268, 271, 275 ஆகிய ஆறு எண்களில் டாப்ஸ் கார்டே போடவில்லை. அச்சடிக்காத கார்டை அவர் எங்கே போய்த் தேடுவார்? அந்தக் காலத்தில் டாப்ஸும் அதன் போட்டி நிறுவனமான போமனும் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தத்துக்காகக் கோர்ட் வரை போய்ச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன, அதில்தான் சில எண்கள் காலியாக நின்றுபோயின. 1955 செட்டிலும் 175, 186, 203, 209 கிடையாது. எண் 210 வரை போனாலும் கார்டு 206தான். இந்த விளையாட்டோடு வளராத உங்களுக்கு இது தெரியாததில் தப்பே இல்லை. விற்றவருக்குத் தெரியாமல் இருக்காது, அதனால்தான் கேட்டார். முன்பணத்தை கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால், அந்தத் தொகை வந்த பில்லின் தேதியிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்து மூலமாக ஆட்சேபம் அனுப்புங்கள். போனில் சொன்னால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். அவரோடு நடந்த உரையாடல் மொத்தத்தையும் கூட வையுங்கள்.

கே: வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றவர் ஒருவர், தாத்தாவின் பெட்டியில் இருந்தது என்று 1952 டாப்ஸ் மிக்கி மேன்டில் கார்டை 400 டாலருக்குத் தருகிறார். அசலா?

ப: இல்லை. சந்தேகமிருந்தால் ஸ்கேல் எடுத்துப் போங்கள். அசல் 2⅝-க்கு 3¾ அங்குலம். 2½-க்கு 3½ இருந்தால் 1983இல் டாப்ஸே போட்ட மறுபதிப்பு.

கே: 1967 டாப்ஸ் செட், மொத்தம் 609இல் 533 கார்டு இருக்கிறது, '87 சதவீதம் முழுமை' என்று விளம்பரம். விலை முழு செட் விலையில் முக்கால் பங்கு. மீதியை மெதுவாகச் சேர்த்துக்கொள்ளலாமா? (டாலஸ்)

ப: இந்தச் சதவீதக் கணக்கைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 533 என்ற எண் தற்செயலாக வந்ததென்று நினைக்கிறீர்களா? அந்த வருடத்தின் கடைசி சீரிஸ் ஆரம்பிப்பது 534இல்.

1973 வரை டாப்ஸ் ஒரு வருடத்துக் கார்டுகளை மொத்தமாக வெளியிட்டதில்லை. சீசன் போகப் போக ஒவ்வொரு சீரிஸாக இறக்கியது. கடைசி சீரிஸ் வரும்போது கோடை முடிந்திருக்கும், பள்ளிக்கூடம் திறந்திருக்கும், பையன்களின் கவனம் அமெரிக்கன் ஃபுட்பாலுக்குப் போயிருக்கும். கடைக்காரர்களும் குறைவாகவே வாங்குவார்கள். அதனால் அந்த எண்கள் வெளியே போனதே குறைவு. 1952 செட்டில் 311 முதல் 407 வரை இதே கதைதான். விற்காமல் தேங்கிய பெட்டிகளை, டாப்ஸில் வேலை செய்த சை பெர்கர் 1960இல் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டினார். மேன்டில் கார்டின் எண் 311. 2022இல் அதில் ஒரு பிரதி 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது.

உங்கள் 1967க்கு வருவோம். அந்த 76 கார்டுக்குள்தான் டாம் சீவரின் முதல் கார்டு (581), ராட் கரூவின் முதல் கார்டு (569), புரூக்ஸ் ராபின்சன் (600) எல்லாம் இருக்கிறார்கள். பெயர் தெரியாத ஆட்டக்காரரின் கார்டுகூட அந்த சீரிஸில் இருந்தால், முன்னால் வந்த சீரிஸின் சாதாரணக் கார்டைப்போலப் பல மடங்கு விலை. வீடு கட்டி முடித்தாயிற்று, கூரை மட்டும்தான் பாக்கி என்கிற மாதிரி இருக்கிறது இந்த 87 சதவீதம். நானே 1972 செட் ஒன்றை இந்த லட்சணத்தில் வாங்கி வைத்திருக்கிறேன். மொத்தம் 787, எனக்குப் பாக்கி எல்லாமே கடைசி சீரிஸ். அது அலமாரியில் அப்படியே கிடக்கிறது.

விற்பவரிடம் இருக்கிற எண்களைக் கேட்காதீர்கள், இல்லாத எண்களின் பட்டியலைக் கேளுங்கள். அந்த ஒவ்வொன்றும், இந்தச் செட் இருக்கும் அதே நிலையில், சமீபத்தில் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். கேட்கிற விலை எதற்கும் உதவாது, விற்ற விலைதான் கணக்கு. முழு செட் விலையில் அந்தத் தொகையைக் கழியுங்கள். மீதி வருவதே இதன் மதிப்பு. முக்கால் பங்கு கிட்டேகூட வராது.

கே: ஆன்லைனில் 200 பழைய கார்டு ஒரே கட்டாக வாங்கினேன். போட்டோ மங்கல், பின்பக்கம் காட்டவில்லை, திருப்பி எடுப்பதில்லை என்றும் போட்டிருந்தது. கட்டணம் மிச்சமாகுமே என்று நண்பர்களுக்குப் பணம் அனுப்பும் வழியில் அனுப்பினேன். வந்து பார்த்தால் எல்லாமே ஆல்பத்தில் பசையால் ஒட்டிப் பிய்த்தவை. பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

ப: கிட்டத்தட்ட இல்லை. பின்பக்கத்தை ஏன் காட்டவில்லை என்று வாங்கும் முன்பு கேட்டிருக்கலாம். முன்பின் தெரியாத ஆளை நண்பர் என்று சொல்லிப் பணம் அனுப்பினால், வாங்குபவருக்கு உள்ள பாதுகாப்பை நீங்களே கழற்றிக் கொடுத்துவிட்டீர்கள். மிச்சம் பிடித்தது எத்தனை டாலர்?

கே: 1990இல் வாங்கிய பிரிக்காத பெட்டிகள் பன்னிரண்டு இருக்கின்றன. பெண்ணின் காலேஜ் செலவுக்கு ஆகுமா?

ப: புத்தகச் செலவுக்கே ஆகாது. அந்த வருடங்களில் கார்டுகளை அளவில்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள்.

கே: 1957 புரூக்ஸ் ராபின்சன் கார்டு, மூலைகள் கத்தி மாதிரி. நல்ல விலை கொடுத்தேன். கார்டைச் சோதித்து நிலையைச் சான்று செய்யும் கிரேடிங்குக்கு அனுப்பினால் 'வெட்டப்பட்டது' என்று திருப்பிவிட்டார்கள். விற்றவர், அவர்கள் சொல்வது தப்பு என்கிறார். (ஃப்ரீமான்ட்)

ப: உங்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. மழுங்கின மூலையை மயிரிழை சீவி எடுத்துக் கூராக்குவது பழைய மோசடி. இந்தக் கார்டு 328ஆம் எண், 1957இல் கிடைக்கச் சிரமமான சீரிஸ், அவருடைய முதல் கார்டும்கூட. கத்தி வைப்பவர்கள் இப்படிப்பட்டதைத்தான் தேடுவார்கள். அதே வருடத்துச் சாதாரணக் கார்டுகள் நாலைந்தை இதோடு சேர்த்து அடுக்கி, விளக்கு வெளிச்சத்தில் ஓரத்தைப் பாருங்கள். குட்டையாக இருந்தால் அது படியாகத் தெரியும். ஓரம் மற்றவற்றைவிடப் புதிதாக, வெளுப்பாக இருந்தாலும் சந்தேகம்தான். என்னிடம் ராபர்ட்டோ கிளெமென்ட்டேயின் 1960 கார்டு ஒன்று அப்படி நூலிழை குட்டை. முழு விலை கொடுத்து வாங்கியது.

கிரேடிங் செய்து மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தால் கண்ணை மூடி வாங்கலாம் என்றும் அர்த்தமில்லை. பி.எஸ்.ஏ. என்ற கிரேடிங் நிறுவனம் 1991இல் முதன்முதலாகச் சான்று கொடுத்தது இரண்டாம் உலகப் போருக்கு ரொம்ப முந்தைய ஹோனஸ் வாக்னர் கார்டு ஒன்றுக்கு. அதை வெட்டியது தான்தான் என்று ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். உங்கள் விஷயத்தில் கிரேடிங் முடிவையே ஆதாரமாக வைத்து, விற்பனைத் தளத்திலும் வங்கியிலும் 'விவரித்தபடி இல்லை' என்று புகார் கொடுங்கள். கெடு தாண்டுவதற்குள் செய்யுங்கள். அவருடைய மறுப்பைப் பொருட்படுத்த வேண்டாம்.

கே: ஐம்பதுகளில் ஒரு செட்டாவது முழுசாக முடிக்க ஆசை. எதில் தொடங்கலாம்?

ப: 1956 டாப்ஸ். 340 கார்டு. கார்டுகளின் பட்டியல் மட்டும் அச்சிட்ட, எண் போடாத செக்லிஸ்ட் இரண்டு தனி, அவை இல்லாமலே முழு செட் என்பதுதான் வழக்கம். கடைசி சீரிஸ் என்று கழுத்தைப் பிடிக்கிற தொல்லை இதில் கிடையாது. மேன்டில், வில்லியம்ஸ், ஜாக்கி ராபின்சன், ஆரன், கிளெமென்ட்டே, கோஃபாக்ஸ் என்று பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் உண்டு. மூலை மழுங்கினாலும் மடிப்பில்லாத நிலை போதும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மேன்டிலை முதலில் வாங்குங்கள், கடைசிக்குத் தள்ளினால் செட் முடியாது. செலவு இன்னும் குறைய வேண்டுமென்றால் ஐம்பதுகளை விட்டு 1974க்கு வாருங்கள். 660 கார்டும் ஒரே தடவையில் வெளிவந்தவை.

கே: அப்பா வாங்கித் தந்த 1952, 1954 கார்டுகளை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். ஒன்பது பை உள்ள பிளாஸ்டிக் பக்கத்தில் போடலாமா?

ப: ரப்பர் பேண்டை இன்றைக்கே கழற்றுங்கள். ஒன்பது பை பக்கம் 1957 முதல் வந்த சிறிய அளவுக்குச் செய்தது, திணித்தால் மூலை மடங்கும். வருடத்தைச் சொல்லி அந்த அளவுக்கான உறை கேட்டு வாங்குங்கள், பி.வி.சி. வேண்டாம். 1952 செட்டின் முதல் எண் ஆண்டி பாஃப்கோ. அடுக்கின் மேலே இருந்து இந்த ரப்பர் பேண்டு வெட்டியே அந்தக் கார்டுகள் கெட்டுப்போனதால், நல்ல நிலையில் இருக்கும் பாஃப்கோவுக்கு இன்று அவரைவிடப் பெரிய ஆட்டக்காரர்கள் பலரின் கார்டைவிட விலை அதிகம். உங்களுடையதில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.