அமெரிக்க நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் செய்த 'இம்ப்ரோவ்' என்றால் என்ன?

எழுதி வைத்த வசனம் இல்லாமல், அந்த நொடியில் கிடைப்பதை வைத்துப் பேசி நடிப்பதுதான் இம்ப்ரோவ். கூட்டத்தில் யாராவது தும்மினால் அந்தத் தும்மலும் காட்சிக்குள் வந்துவிடும்.

வில்லியம்ஸுக்கு (1951–2014) அது கைவந்ததற்குப் பெரிய காரணம் பயிற்சி. 1973இல் நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளியில் நடிப்பு படிக்கச் சேர்ந்தார். பிறகு சான் பிரான்சிஸ்கோவின் சின்னச் சின்ன கிளப்புகளில் மேடையேறினார். 1978இல் 'ஹேப்பி டேஸ்' தொலைக்காட்சித் தொடரில் 'மோர்க்' என்ற வேற்றுக்கிரகவாசியாக வந்தார். அதே ஆண்டே அந்தப் பாத்திரத்துக்குத் தனித் தொடர் கிடைத்தது. அபூர்வமான வேகம் அது!

வீட்டில் மாவு அரைத்து வைத்திருந்தால், விருந்தாளி வந்ததும் தோசையோ ஊத்தப்பமோ பணியாரமோ போடலாம். குரல்கள், பாத்திரங்கள், உடல்மொழி எல்லாம் அவர் அரைத்து வைத்த மாவு.

சினிமாவில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. அவர் ஒவ்வொரு டேக்கிலும் வேறு வேறாகப் பேசுவார். எதிரில் நிற்பவரின் முகபாவத்தைப் பிறகு தனியாக எடுத்தால் எடிட்டிங்கில் ஒட்டாது. அதனால் 'மிஸஸ் டவுட்ஃபயர்' (1993) படத்தில் இயக்குநர் கிறிஸ் கொலம்பஸ் பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டார்.

எழுதிய வசனத்தை அவர் பேசவே மாட்டார் என்று நினைப்பது தவறு: அந்தப் படத்தில் எழுதியபடி சில டேக் கொடுத்த பிறகே சொந்தமாகப் பேசத் தொடங்கினார்.