கத்தியைத் தபாலில் அனுப்பலாமா? பார்சல் கவுன்டரில் இருந்தவரிடம் கேளுங்கள்

வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த நாளிலிருந்து வேலூர், ராணிப்பேட்டை பக்கத்துத் தபால் ஆபீஸ்களில் பார்சல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கத்தி, அரிவாள், கத்தரிக்கோல் அனுப்புவது பற்றிக் கேளுங்கள். மற்றதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

குடியாத்தம் அம்மா: மகளைப் பெங்களூரில் தனிக்குடித்தனம் வைத்திருக்கிறோம் சார். அரிவாள்மனையும் காய் நறுக்கும் கத்தி ரெண்டும் அனுப்பணும். தபாலில் கத்தி போட்டால் ஜெயில் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நிஜமா?

கத்தியே கூடாது என்று பழைய சட்டம்கூடச் சொல்லவில்லை அம்மா. 1898-ஆம் வருஷத்து இந்திய அஞ்சல் அலுவலகச் சட்டம், 19-வது பிரிவு, சரியான காப்பு இல்லாத கூர்மையான கருவியைத்தான் தடுத்தது. மீறினால் 61-வது பிரிவில் ஒரு வருஷம் வரை சிறை. பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுந்தது அதுவாகத்தான் இருக்கும். அதற்குப் பதிலாக 2023-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2024 ஜூன் 18 முதல் அமலில் இருக்கிறது. பழைய தண்டனைப் பிரிவுகள் அதில் இல்லை. அதற்காக எப்படி வேண்டுமானாலும் கட்டி அனுப்பலாம் என்று ஆகிவிடாது. உங்கள் அஜாக்கிரதையால் ஒருவர் கை அறுபட்டால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 125-வது பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

கட்டும் விதம் சொல்கிறேன். பழைய சைக்கிள் டியூபை அலகின் நீளத்துக்கு வெட்டி, ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் கீறி, விளிம்பின் மேல் மாட்டுங்கள். தேங்காய் துருவும் பல்லுக்குத் துணி சுற்றி, அதன்மேல் கெட்டி அட்டை. மடக்கு மனையாக இருந்தால் மடக்கி, அலகையும் பலகையையும் சேர்த்துச் சணல் கயிற்றால் இறுக்குங்கள். கத்தி இரண்டையும் தனித்தனியாக அட்டைக்குள் வைத்துப் பிடியோடு சேர்த்து டேப் ஒட்டுங்கள். பெட்டியை மூடிக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே எதுவும் நகரக் கூடாது. நகர்ந்தால், வழியில் ஏற்றி இறக்குவதற்குள் நுனி அட்டையைத் துளைத்துவிடும்.

செய்தித்தாளில் மட்டும் சுற்றாதீர்கள். தபால் பையின் அடியில் கை கொடுத்துத் தூக்கியவரின் உள்ளங்கையில் கத்தி முனை இறங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். செய்தித்தாள் சுற்றி, மேலே ‘புத்தகம்’ என்று எழுதியிருந்த பார்சல் அது. அவருக்கு அது கனமில்லாத சாதாரணப் பை. ‘சமையல் கத்தி, கூர்மையானது’ என்று பெரிதாக எழுதுங்கள்.

ஆம்பூர் வாசகர்: தோல் வெட்டும் கத்திகள், கான்பூருக்கு.

தொழில் கருவி, தடை இல்லை. பில் நகல் ஒன்று பெட்டிக்குள், ஒன்று கையில். கட்டும் விதம் மேலே இருக்கிறது.

காட்பாடி மாணவர்: பட்டனைத் தட்டினால் திறக்கும் கத்தியை ஆன்லைனில் வாங்கி ஹாஸ்டல் முகவரிக்கு வரவழைக்கலாமா? 9 அங்குலத்துக்கு மேல் இருந்தால்தான் ஆயுதம் என்கிறார்கள், இது அதற்குக் கீழேதான் இருக்கிறது.

வேண்டாம் தம்பி. 9 அங்குலம் என்ற ஒரே அளவை வைத்துக்கொண்டு எல்லா ஊருக்கும் கணக்குப் போடாதே. டெல்லியில் பட்டன் கத்திக்கென்று தனி அறிவிக்கையே உண்டு, அங்கே அளவு இன்னும் சிறியது. ஹாஸ்டலில் பழம் நறுக்கச் சின்னக் கத்தி போதும்.

ராணிப்பேட்டை வாசகர்: சார், கத்தி தபாலில் அனுப்பலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஆரணி வாசகர்: மக்களைத் தவறாக வழிநடத்துகிறீர்கள். ஆயுதச் சட்டப்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளம், அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் இருந்தால் அது ஆயுதம். எங்கள் வீட்டுக் கொடுவாளே 12 அங்குலம். அதைத் தபாலில் போடலாம் என்பீர்களா?

போடலாம் என்றுதான் சொல்வேன். நீங்கள் சொன்ன அளவு சரி, ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகையில் இருக்கிறது. ஆனால் வீட்டு, விவசாய, அறிவியல், தொழிற்சாலைப் பயன்பாட்டுக்காகச் செய்தவை நீங்கலாக என்று அதே வரியில் இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள்? 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2-வது பிரிவும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆன பொருளை ஆயுதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆரணி வாசகர்: கொலைக்கும் அதே கொடுவாளைத்தான் எடுக்கிறான்.

எடுப்பவன் மேல் வழக்கு வரும். பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதுதான் இங்கே கேள்வி. முனை வளைந்து, தென்னை மட்டையும் கரும்பும் வெட்டுவதற்கென்று அடித்த கொடுவாள் விவசாயக் கருவி.

போளூர் வாசகர்: அப்போ வீச்சரிவாள்? முனீஸ்வரனுக்கு வேண்டுதல். மூணு அடியில் செய்து அண்ணன் ஊருக்கு அனுப்பணும்.

அதை அனுப்பாதீர்கள். மூன்றடி அரிவாளுக்கு வயலிலும் வேலை இல்லை, சமையலறையிலும் இல்லை. வழியில் பிரித்துப் பார்க்கிற போலீஸுக்கு உங்கள் வேண்டுதல் தெரியாது. கோயில் இருக்கிற ஊரிலேயே பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளுங்கள்.

ஆரணி வாசகர்: பார்த்தீர்களா, நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்!

இல்லை ஐயா. கொடுவாள் வேறு, வீச்சரிவாள் வேறு என்றுதான் முதலிலிருந்தே சொல்கிறேன். எல்லா அரிவாளும் ஆயுதம் என்றால் இந்த மாவட்டத்தில் ஒரு விவசாயியும் நிலத்துக்குப் போக முடியாது. அதே சமயம் போலீஸ் கேள்வி கேட்கும் என்பதும் உண்மை. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை பட்டறைக்காரர்களிடம், வாங்குகிறவர் பெயரும் முகவரியும் எழுதி வைக்கச் சொன்னது. அதனால் பட்டறையில் பில் கேட்டு வாங்குங்கள். எதற்காக வாங்கியது என்பதும் அதில் இருக்கட்டும். இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

வேலூரில் படிக்கும் பஞ்சாப் மாணவரின் நண்பர்: அவர் வீட்டிலிருந்து கிர்பான் (சீக்கியர் தரிக்கும் குறுவாள்) அனுப்புகிறார்கள். பிரச்சினை வருமா?

சீக்கியர் கிர்பான் தரிப்பதை அரசியலமைப்பின் 25-வது பிரிவு மத உரிமையாகவே ஏற்கிறது. உள்நாட்டு விமானத்தில்கூட அலகு 6 அங்குலம், மொத்தம் 9 அங்குலம் வரை உடன் வைத்திருக்க அனுமதி உண்டு. உறையோடு, முனை வெளியே வராமல் கட்டி, மேலே கிர்பான் என்று எழுதச் சொல்லுங்கள்.

ஆற்காடு அம்மா: அமெரிக்காவில் இருக்கும் பையனுக்கு அரிவாள்மனை?

அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது செக்-இன் பெட்டியில் கொடுத்து அனுப்புங்கள். கைப்பையில் மட்டும் வைக்கக் கூடாது. வெளிநாட்டுத் தபாலுக்குப் போய்ச் சேரும் நாட்டின் தடைப் பட்டியலும் பொருந்தும், சுங்கமும் உண்டு.

மருத்துவமனை ஊழியர்: பயன்படுத்திய சர்ஜிக்கல் பிளேடு பாக்கெட்டை எங்கள் இன்னொரு கிளைக்கு அனுப்பலாமா?

கூடவே கூடாது. 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி அது குத்தினாலும் துளைக்காத வெள்ளைக் கொள்கலனில் போக வேண்டியது. உங்கள் கழிவுப் பொறுப்பாளரிடம் இன்றே கேளுங்கள்.

திருப்பத்தூர் வாசகர்: தனியார் கூரியரில்?

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி விதி. கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

வாலாஜா வாசகர்: சார், சாதாரணக் கத்திதான், செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி...

செய்தித்தாள் வேண்டாம். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வேண்டாம். அட்டை, டியூப், மரச்சட்டம், எது கிடைத்தாலும் சரி.

பேரணாம்பட்டு வாசகர்: நாளைக் காலையில் இரண்டு கத்தி போடுகிறேன். பெட்டியை ஒட்டிக் கொண்டு போகவா, ஒட்டாமலா?

ஒட்டாமல் கொண்டு போங்கள். கவுன்டரில் திறந்து காட்டி, டியூப் மாட்டியிருப்பதை அவர் பார்த்த பிறகு அங்கேயே ஒட்டுங்கள். டேப் உங்கள் கையில் இருக்கட்டும். கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்துப் போனால் நல்லது.