கார் ஓட்டுறது நீங்களா, பக்கத்து சீட்டு அண்ணனா?

கேள்வி: எனக்கு 44 வயசு. டிரைவிங் ஸ்கூல்ல கிளாஸ் முடியப் போகுது. சொல்லிக்குடுக்குற அண்ணன் பக்கத்துல இருந்தா நல்லாத்தான் ஓட்டுறேன், வீட்டுக்காரர் கூட எங்க கார எடுத்தா கிளம்பும்போதே ஆஃப் ஆயிடுது, அவரும் கத்துறாரு. அடுத்த மாசம் டெஸ்ட். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்மா"ங்குறாங்க ஸ்கூல்ல. பேசாம ஆட்டோமேட்டிக் கார் வாங்கிடலாமா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: சகோதரி, 44 எல்லாம் ஒரு வயசே இல்ல. 40 தாண்டினவங்ககிட்ட ஃபார்ம் 1ஏ மெடிக்கல் சர்டிபிகேட் கேப்பாங்க, அத எல்.எல்.ஆர் (பழகுநர் லைசென்ஸ்) போடும்போதே குடுத்திருப்பீங்க, வயசு விஷயம் அதோட முடிஞ்சது.

அண்ணன் இருந்தா நல்லா ஓட்டுறேன்னு எழுதியிருக்கீங்கல்ல, பிரச்சனையே அங்கதான் இருக்கு. ஸ்கூல் கார்ல அவர் காலுக்குக் கீழயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும், நீங்க கிளட்ச பட்டுனு விடப்போறீங்கன்னு தெரிஞ்சதும் அவர் அந்தப் பக்கம் லேசா அமுக்கிக்குவாரு, வண்டி ஆஃப் ஆகாது, நீங்களும் நம்ம கால் பழகிடுச்சுன்னு நெனச்சுக்குவீங்க. நாளைக்கே "அண்ணே, இன்னிக்கு கால பின்னாடி இழுத்து வச்சுக்கோங்க, ஆஃப் ஆனா ஆகட்டும், ஆபத்துன்னா மட்டும் மிதிங்க"ன்னு சொல்லிடுங்க. காசு கட்டிக் கத்துக்குறீங்க, இதுக்குக் கூச்சமே வேணாம்.

அடுத்து உங்க கார். ஒவ்வொரு கார்லயும் கிளட்ச் பிடிக்கிற உயரம் வேற வேற, அது உங்க காலுக்கு இன்னும் தெரியல, அவ்ளோதான். காலைல ஆள் இல்லாத ஒரு சமமான கிரவுண்டுக்குப் போங்க, குதிகால் தரையில இருக்கட்டும், ஃபர்ஸ்ட் கியர் போட்டு ஹேண்ட்பிரேக்க எறக்கிட்டு ஆக்சிலேட்டர தொடாம கிளட்ச மட்டும் மெல்ல மெல்ல விடுங்க. ஒரு இடத்துல இன்ஜின் சத்தம் கம்மியாகி ஸ்டியரிங் லேசா அதிரும், அங்கேயே கால அசைக்காம நிறுத்துங்க, வண்டி தானா நகர ஆரம்பிக்கும், நல்லா நகர்ந்த பிறகுதான் மிச்சத்த விடணும். நிறுத்தி, மறுபடி மறுபடி இதையே செய்யுங்க, கால் தானா அந்த இடத்துக்குப் போற வரைக்கும்! அப்புறம் ஒரு சின்ன மேடு. ஹேண்ட்பிரேக்கப் போட்டு நிறுத்திட்டு, கிளட்ச அதே இடத்துக்குக் கொண்டு வந்து, கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடுத்து, வண்டி முன்னால இழுக்குதுன்னு தெரிஞ்சதும் ஹேண்ட்பிரேக்க எறக்குங்க, பின்னாடி உருளாது.

வீட்டுக்காரர்கிட்ட லைசென்ஸ் இருந்தா அவர் பக்கத்துல உக்காரலாம், முன்னாடியும் பின்னாடியும் வெள்ளையில செவப்பா எல் போர்டு கட்டாயம். அவர் கை ஹேண்ட்பிரேக் பக்கத்துலயே இருக்கட்டும், "நிறுத்து"ங்குற ஒரு வார்த்தைய தவிர வேற எதுவும் பேசக்கூடாதுன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. கத்துற ஆள் பக்கத்துல இருந்தா யாருக்கும் கால் நிக்காது.

டெஸ்ட்ல என்ன பாக்கணும்னு 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 15வது விதி வரிசையா சொல்லுது. மிரர் சரி பண்றது, சிக்னல் காட்டுறது, கியர் மாத்துறது, மேட்டுல நிறுத்தி உருளாம எடுக்குறது, ரிவர்ஸ், நடந்து போறவங்களுக்கு வழி விடுறது எல்லாம் அதுல இருக்கு. சீட்ட இழுத்து, பெல்ட் போட்டு, மிரர் பாத்து, நியூட்ரல் செக் பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ற வழக்கத்த இப்பவே கொண்டு வந்துடுங்க.

நாங்க பாத்துக்குறோம்னு சொல்றாங்களே, அதத்தான் என்னால ஏத்துக்கவே முடியல. யாரோ பாத்துக்கிட்டு லைசென்ஸ் கைக்கு வந்தாலும் மதுரை நாலு வழிச்சாலையில பின்னாடி லாரி வரும்போது ஸ்டியரிங் பிடிக்கப்போறது நீங்கதான். நீங்களே ஓட்டிக் காட்டி வாங்குங்க.

ஆட்டோமேட்டிக் தாராளமா வாங்கலாம், ரெண்டுக்கும் எல்.எம்.வின்னு போட்ட அதே கார் லைசென்ஸ்தான், ஆனா வீட்டுல இப்ப நிக்கிறது கியர் வண்டி, ராத்திரி ஒரு அவசரம்னா அதத்தான எடுக்கணும்? அதனால இதையே கத்துக்கோங்க.

பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி வண்டி ஆஃப் ஆச்சுன்னா பதறாதீங்க, கிளட்ச், பிரேக் ரெண்டையும் மிதிச்சு, நியூட்ரல் பண்ணி, மறுபடி ஸ்டார்ட் பண்ணி, மிரர் பாத்து எடுங்க. ஃபெயில்னாலும் 7 நாள் கழிச்சு திரும்பப் போகலாம். எல்.எல்.ஆர் 6 மாசம்தான் செல்லும், தேதிய இப்பவே ஒரு தடவ எடுத்துப் பாத்துக்கோங்க.