மேஜைக்கு எந்தப் பக்கம்?

ஐயா,
கோத்தகிரி பக்கம் ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். நீலகிரி வரலாற்றைச் சொல்லித்தர ஒரு கணினி விளையாட்டு தயாரிக்கிறோம். காலியான மலையில் காட்டைத் திருத்தி, தேயிலை நட்டு, எஸ்டேட்டைப் பெருக்க வேண்டும். தினமும் ஆடினால் பதக்கம். ஒருநாள் விட்டால் போய்விடும். புள்ளி கொடுத்துப் படிக்கவைப்பது லஞ்சம் என்கிறார் தலைமையாசிரியர். கண் கெடும் என்றும் சொல்கிறார். உங்கள் கருத்து?
ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

கண்ணைப் பற்றிக் கண் டாக்டரிடம் கேளுங்கள். புள்ளி இருக்கட்டும், பரீட்சையில் நாம் போடாத புள்ளியா? தினசரிப் பதக்கத்தை மட்டும் தூக்கிவிடுங்கள். பிள்ளையைப் பயங்காட்டி உட்காரவைக்கிற வேலை அது.

எனக்கு உறுத்துவது வேறு. காலியான மலையாம்! 1819இல் கோயம்புத்தூர் வெள்ளைக்காரக் கலெக்டர் ஜான் சல்லிவன் உங்கள் ஊர்ப் பக்கம் ஏறி வந்தபோதே இங்கே தோடர் எருமை மேய்த்தார்கள், படுகர் பயிர் செய்தார்கள். கோத்தகிரியில் இருந்துகொண்டு இதை நான் சொல்லியா தெரிய வேண்டும்? காட்டை அழித்தால் புள்ளி ஏறும் என்று வைத்தபின் முன்னுரையில் எத்தனை நல்லது எழுதினாலும் பிள்ளை துரையாகத்தான் ஆடும்.

டென்மார்க் நிறுவனம் ஒன்று 2013இல் அடிமை வணிகத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு செய்தது. அதில் ஒரு கட்டம்: மனித உடல்களைக் கப்பலுக்குள் இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும், டெட்ரிஸ் என்ற கட்டை அடுக்கும் ஆட்டம் போல. கொடுமையைப் புரியவைக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றார்கள். 2015இல் எதிர்ப்பு வெடித்தபின் அதை நீக்கினார்கள். அவர்கள் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் அடுக்குகிற கைக்கு இடைவெளிதானே கண்ணில் படும்?

என் அம்மா கொழுந்து பறித்தவர். சாயங்காலம் எடை போடும் இடத்தில் ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு. முள் நிற்பதற்குள் சாக்கை இறக்கிவிடுவார்கள். எடைக்காரர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நோட்டில் எழுதுவார். இந்தப் பக்கம் நிற்கிற அம்மாவுக்கு எண் தலைகீழாகத் தெரியும். பள்ளிக்கூடம் போகாதவர், எண்ணைத் தலைகீழாகப் படிக்க அங்கேதான் பழகினார். ஒரு கிலோ குறைந்தாலும் விரலை வைத்துக் காட்டுவார். அதற்காகத் திட்டும் வாங்குவார்.

உங்கள் ஆட்டத்தில் பிள்ளை அந்த மேஜைக்கு எந்தப் பக்கம் நிற்கும்? இரண்டு பக்கமும் என்று சமாளிக்காதீர்கள். துரைக்கு நாலு கட்டம், கூடை சுமக்கிறவளுக்கு ஒரு கட்டம் என்றால் கணக்கு தெரிந்துவிடும். கூடைக்காரியாகத் தொடங்குங்கள். கழிவு எவ்வளவு என்று கேட்க ஒரு பொத்தான் வையுங்கள். கேட்டால் என்ன நடக்கும் என்பதையும் மறைக்காமல் வையுங்கள்.

கொழுந்து பறிக்கிற வீட்டுப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். முதலில் அவர்கள் ஆடட்டும், நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். ஒருவருக்கும் கோபம் வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள் அம்மா, தனியாகத் திட்டுகிறேன்.