போதைக்கு அடிமையான மருத்துவர்கள் மற்றவர்களைவிட எளிதில் மீள்கிறார்கள் என்பது உண்மையா?

மீள்பவர்கள் அதிகம் என்பது ஓரளவு உண்மை. எளிதில் மீள்கிறார்கள் என்பதுதான் சரியில்லை.

அடிக்கடி காட்டப்படும் ஆதாரம், 2008ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த அமெரிக்க ஆய்வு. 16 மாநிலங்களில் மருத்துவர்களுக்கென்றே நடக்கும் திட்டங்களில் சேர்ந்த 904 பேரின் ஐந்தாண்டுப் பதிவுகளை அது பார்த்தது. முடிவு தெரிந்த 802 பேரில் 647 பேர் சிகிச்சையை முடித்துக் கண்காணிப்போடு வேலைக்குத் திரும்பினார்கள். இவர்களில் 126 பேர்தான் பிறகு சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டினார்கள்.

இதற்குக் காரணம் மருத்துவ அறிவு என்று நான் நினைக்கவில்லை. ஃபென்டனில் என்ற வலுவான வலி மருந்து என்ன செய்யும் என்று மயக்க மருந்து நிபுணருக்குத் தெரியாதா என்ன? சிகிச்சை முடிந்த பிறகும் பல ஆண்டுகள் தொடரும் திடீர்ப் பரிசோதனை, தவறினால் உரிமம் போய்விடும் என்ற பயம், இழக்க ஒரு நல்ல வேலை இருப்பது, இவைதான் காரணம் என்று நினைக்கிறேன். சாதாரண நோயாளிக்குச் சில வாரச் சிகிச்சையோடு சரி. அப்புறம் யார் பார்க்கிறார்கள்?

ஒரு குறையும் உண்டு: ஒப்பிட வேறு குழு இல்லாத ஆய்வு இது. அதனால் எது பலித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மனச்சோர்வு விஷயத்தில் இதே பயம் எதிராக வேலை செய்கிறது. உரிமப் படிவத்தில் மனநலச் சிகிச்சை பற்றிக் கேட்டால், பலர் சிகிச்சைக்கே போவதில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்கள் அந்தக் கேள்வியையே மாற்றி எழுதியிருக்கின்றன.