கங்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகரில் இருக்கிறேன். சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். செப்டம்பர் கடைசியில் நாங்கள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஃபிளாக்ஸ்டாஃப் அருகே கோகொனினோ தேசிய வனத்துக்குள் போய் இரண்டு இரவு தங்கினோம். முன்பதிவும் கட்டணமும் கிடையாது. டிஸ்பெர்ஸ்டு கேம்பிங் என்கிறார்கள். மண்சாலையில் போய் ஓர் இடம் பார்த்துக் கூடாரம் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். கழிப்பறை, குழாய், மேஜை, குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது.

முதல் இரவு யாரும் தூங்கவில்லை. மரங்களுக்குள்ளிருந்து யாரோ நீளமாக விசிலடித்துக்கொண்டே அலறுவதுபோல ஒரு சத்தம். அப்புறம் கூடாரத்தை ஒட்டிக் கனமான மூச்சு. கரடி என்று நினைத்துக் குழந்தைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விடிந்து பார்த்தால் மாடு! தேசிய வனத்தில் மாட்டை எப்படி விடுகிறார்கள்?

மனைவி என்னிடம் முகம் கொடுத்துப் பேசி ஒரு வாரமாகிறது. "எங்கம்மா இருட்டுல வேலிக்காட்டுக்குப் போயிட்டு வந்தவ. எம் மகளுக்கு அது வேண்டாம்னுதான் என்னையப் படிக்க வச்சா. நீங்க பெட்ரோல் போட்டு என்னையத் திரும்ப அங்கேயே கூட்டிட்டுப் போறீங்க" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

ஆனால் இரண்டாம் இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது என் எட்டு வயது மகள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்பா, இவ்வளவும் தினமும் இருக்கா?" என்று கேட்டாள். அதற்காகவே இன்னொரு முறை போகலாம் என்று தோன்றியது. மறுநாள் காலை நெருப்பின் மேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, குப்பையையெல்லாம் பொறுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

என் கேள்விகள்: இது வசதியானவர்கள் ஏழ்மையை விளையாடிப் பார்ப்பதுதானா? நம் ஊர்க் காடுகளில் ஏன் இப்படித் தங்க முடிவதில்லை? நீங்களும் அமெரிக்கா வந்தபோது இப்படித் தங்கியதாக எழுதியிருந்தீர்கள். எந்தக் கூடாரம் நல்லது?

ச.

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் மகள் கேட்ட கேள்விக்காக. இரண்டாம் முறை அதற்குச் சற்றுப் பின்னால் வரும் ஒரு வாக்கியத்துக்காக. எழுதும்போது அது உங்கள் கண்ணில்கூடப் பட்டிருக்காது. அதற்கு வருகிறேன்.

முதலில் சில்லறை விஷயங்கள். அலறியது எல்க். நம் கடமானைவிடப் பெரியது. செப்டம்பரில் ஆண் எல்க் துணைக்காகக் கூப்பிடும். அந்தப் பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு மெல்லிய, கீச்சென்ற குரல் வரும் என்று முதல்முறை கேட்பவர் யாருமே நம்ப மாட்டார்கள். அதைக் கேட்பதற்கென்றே அந்த மாதத்தில் காட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. உங்களுக்கு ஓசியில் கிடைத்திருக்கிறது. பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறீர்கள், சரி.

மாடு விஷயம். அந்த நாட்டில் வரி கட்டுகிற நீங்கள் தேசிய வனத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் உள்ள வித்தியாசத்தையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டாமா? பூங்கா உள்துறையின் கீழ் வருகிறது (இன்டீரியர் என்பார்கள், நம் ஊர்போலப் போலீஸைப் பார்க்கும் துறை அல்ல), பாதுகாத்து வைத்துப் பார்ப்பதற்கு. வனம் வேளாண்மைத் துறையின் கீழ். 1905-ல் வன சேவை அமைப்பு தொடங்கியபோது அதன் முதல் தலைவரான கிஃபோர்டு பின்ஷோ, காடு மக்களின் உபயோகத்துக்கு, ஆனால் தீர்ந்துபோகாமல் உபயோகிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் அதை நடத்தினார். ஆகவே அங்கே மரம் வெட்டுவார்கள், சுரங்கம் தோண்டுவார்கள், வேட்டையாடுவார்கள், அனுமதிச் சீட்டு வாங்கி மாடு மேய்ப்பார்கள். புல்வெளிகளையும் சேர்த்தால் சுமார் 19 கோடி ஏக்கர். நீங்கள் காசில்லாமல் 14 நாள்வரை படுத்துக்கொள்ளலாம் என்பதும் அந்த உபயோகங்களில் ஒன்று. அந்த மாடு உங்கள் கூடாரத்துக்கு வரவில்லை. நீங்கள்தான் அது மேயும் இடத்தில் போய்ப் படுத்திருந்தீர்கள்.

நம் ஊரில் ஏன் முடியாது என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன். 1882-ஆம் வருடத்துச் சென்னை மாகாண வனச் சட்டத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அது ஒரு கடிதத்துக்குள் அடங்காது.

இப்போது அந்த வாக்கியம். "நெருப்பின் மேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு." ஏதோ வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்ததுபோல எழுதியிருக்கிறீர்கள்.

போன வாரம் ஒரு பத்திரிகையில் "நீர் பூத்த நெருப்பாக" என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த இளைஞரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன், தம்பி, அது நீறு, சாம்பல் என்று. அவர் மிகவும் மரியாதையாக, "சாம்பல் ஆயிட்டா அப்புறம் நெருப்பு ஏது சார்?" என்று கேட்டார். ஒரு வாரமாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. அவராவது கேஸ் அடுப்பில் வளர்ந்தவர். நீங்கள் அருப்புக்கோட்டைக்காரர்!

என் அப்பத்தா விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் இருந்தாள். ராத்திரிச் சமையல் முடிந்ததும் அடுப்பில் மிச்சமிருக்கும் கங்குகளை ஓரமாகக் கூட்டி, நடுவில் பாதி வெந்த ஒரு எருவாட்டியை வைத்து, மேலே சாம்பலை அள்ளிப் போட்டு மூடுவாள். குழந்தைக்குப் போர்த்துவதுபோல, விளிம்புகளைத் தட்டித் தட்டி. காலையில் சாம்பலை விலக்கி ஊதாங்குழலால் இரண்டு ஊது ஊதினால் செக்கச்செவேலென்று கண் திறக்கும். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிள்ளை சிரட்டையோடு நெருப்பு வாங்க வந்து நிற்கும். ஒரு தீப்பெட்டியை ஒரு மாதம் வைத்து ஓட்டிய குடும்பங்கள் அவை.

அதாவது, மூடி வைப்பது நெருப்பைக் காப்பாற்றும் முறை. காற்றைக் குறைத்து, சூட்டை உள்ளேயே நிறுத்தி, மெதுவாக வேகவிடுவது. நீங்கள் அன்று காலை செய்தது அதைத்தான். உங்கள் பாட்டி பார்த்திருந்தால் நாளைக்கு யாருக்கு இந்த நெருப்பு என்று கேட்டிருப்பாள்.

அது எப்படிப்பட்ட தரை என்று நினைத்துப் பாருங்கள். அங்கே நிற்பவை பாண்டரோசா பைன் மரங்கள். வெயில் ஏறியதும் பட்டையில் மூக்கை வைத்தால் வெனிலா வாசனை அடிக்குமே, அவைதான். கீழே பல வருடத்து ஊசியிலைகள் மெத்தைபோலக் கிடக்கும். அதற்கடியில் மக்கியும் மக்காமலும் ஓர் அடுக்கு, அதற்கடியில் வேர்கள். மண்ணுக்குள் புதைந்த கங்கு வேரைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்துபோய் வேறோர் இடத்தில் தலையெடுக்கும். அதற்குள் நீங்கள் ஃபீனிக்ஸில் துணி துவைத்துக்கொண்டிருப்பீர்கள்.

2011 மே 29 அன்று உங்கள் மாநிலத்தின் கிழக்கே பேர் வாலோ என்ற காட்டுப்பகுதியில் இரண்டு பேர் முகாமிட்டிருந்தார்கள். உங்களைப்போலத்தான், கெட்ட எண்ணம் ஏதுமில்லாதவர்கள். நடக்கப் போவதற்கு முன் நெருப்பு அணைந்துவிட்டதா என்று சோதித்தும் பார்த்தார்கள். ஒரு மிட்டாய்க் காகிதத்தை அதில் போட்டிருக்கிறார்கள், அது உருகவில்லை, ஆகவே அணைந்துவிட்டது என்று நினைத்ததாக விசாரணையில் சொன்னார்கள். எரிந்தது 5,38,000 ஏக்கர். சென்னை மாநகராட்சியைப்போல ஐந்து மடங்கு. ஆல்பைன், கிரீர், ஈகர் என்று ஊர் ஊராகக் காலி செய்தார்கள். தீயைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அரிசோனா வரலாற்றில் அதைவிடப் பெரிய காட்டுத்தீ இல்லை. பின்னாளில் சூழலியல் எழுத்துக்காகப் புகழ்பெற்ற ஆல்டோ லியோபோல்டு 1909-ல் இளம் வன அலுவலராக முதல் வேலைக்கு வந்து சேர்ந்த காடு அது. அங்கே எத்தனையோ பெருமரங்களின் ஆயுள் ஒரு மிட்டாய்க் காகிதத்தை நம்பி இருந்திருக்கிறது.

நெருப்பே காட்டுக்கு எதிரி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பைன்களுக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை தரையோடு ஓடும் சின்ன நெருப்பு வேண்டும். பழங்குடிகள் அதை அறிந்து தாங்களே வைத்தார்கள். 1910-ல் ஐடஹோவிலும் மொன்டானாவிலும் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்ததைப் பார்த்து மிரண்டுபோன வன சேவைக்காரர்கள் எல்லா நெருப்பையும் அணைக்கத் தொடங்கினார்கள். எங்கே தீ கண்டாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைத்தாக வேண்டும் என்று 1935-ல் விதியே போட்டார்கள். சின்ன நெருப்புகள் இல்லாமல் காடு விறகுக்கடைபோல அடைந்துவிட்டது. ஆகவே இன்று உங்கள் ஒரு கங்கு விழுவது அந்த விறகுக்கடைக்குள்.

இவ்வளவு கோபம் எனக்கு எப்படி வருகிறது என்றால், நானும் அதைச் செய்திருக்கிறேன்.

2016 அக்டோபரில் ஒரு நண்பரோடு அதே கோகொனினோ காட்டில் தங்கினேன். ஏழாயிரம் அடி உயரம், ராத்திரி பல் கிட்டிப்போகும் குளிர். விடிகாலையில் நெருப்பு போட்டு, போன இரவின் ரசத்தைச் சூடாக்கிக் குடித்து, கங்குகளின் மேல் மண்ணைத் தள்ளிவிட்டுக் கிளம்பினோம். ஒரு மணி நேரம் போனபின் என் மூக்குக்கண்ணாடி இல்லை என்று தெரிந்தது. நண்பர் முனகிக்கொண்டே வண்டியைத் திருப்பினார். கண்ணாடி ஒரு மரத்துண்டின் மேல் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. அதிலிருந்து நாலடி தள்ளி, கல் வளையத்துக்கு வெளியே, ஊசியிலைகளுக்குள்ளிருந்து ஒரு நூல்போலப் புகை.

எங்களிடம் இருந்தது இரண்டு பாட்டில் தண்ணீர். ஊற்றினோம். மிச்ச ரசத்தை ஊற்றினோம். ஃபிளாஸ்கில் இருந்த காபியையும் ஊற்றினோம். புகை இன்னோர் இடத்தில் வந்தது. நான் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமாக ஒரு பழைய பிக்கப் வண்டியில் வந்த கிழவர் எங்களைப் பார்த்து நிறுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. பின்னாலிருந்து மண்வெட்டியையும் தண்ணீர் கேனையும் எடுத்தார். கிளறினார், ஊற்றினார், மறுபடி கிளறினார். குழம்புபோல ஆகும்வரை. அப்புறம் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி, புறங்கையை அந்தச் சேற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சூடு வரவில்லை என்றதும் மெதுவாக அதன் மேலேயே வைத்தார். காய்ச்சலா என்று குழந்தையின் நெற்றியில் வைத்துப் பார்ப்போமே, அப்படி. ஒவ்வோர் இடமாக, ஏழெட்டு இடத்தில். ஓரிடத்தில் சட்டென்று கையை எடுத்துவிட்டு மறுபடி ஊற்றினார். அரை மணி நேரம் ஆனது. என்னிடம் அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான்: "தொட முடியவில்லை என்றால் கிளம்ப முடியாது."

வண்டியில் திரும்பும்போது நண்பர், "எப்படியும் ரேஞ்சர் யாராவது பார்த்திருப்பார்கள்" என்றார். நானும் தலையாட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. யார் வருவார்கள்? கழிப்பறை கட்டாத, குப்பைத்தொட்டி வைக்காத இடம் என்றால், நமக்குப் பின்னால் வருகிறவர் என்று ஒருவர் கிடையாது என்று பொருள். எங்கள் வீட்டில் நான் சாப்பிட்ட தட்டை எடுத்ததில்லை. தெருவில் போட்டதை யாரோ கூட்டினார்கள். அந்த யாரோ எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஐம்பது வயதுவரை ஒரு பெண்ணோ ஒரு தொழிலாளியோ எனக்குப் பின்னால் வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தோடுதான் கங்கின் மேல் மண்ணைத் தள்ளிவிட்டு வண்டியில் ஏறியிருக்கிறேன்.

ஏழ்மை விளையாட்டா என்று கேட்டீர்கள். இருக்கட்டுமே. நான் ஒன்று கேட்கிறேன். அந்த இரண்டு நாளும் மூன்று குடும்பத்துப் பாத்திரங்களையும் குளிர்ந்த தண்ணீரில் தேய்த்தது யார்? நீங்கள் மூன்று ஆண்களும் என்றால் இந்தப் பத்தியை அடித்துவிடுங்கள்.

உங்கள் மனைவி சொன்னதற்குப் பதில் இல்லை என்கிறீர்கள். பதில் சொல்ல முயலாமல் இருந்ததே நல்லது. காட்டில் வெளிக்குப் போக ஆறேழு அங்குலம் குழி தோண்டி, தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி என்று விதிகளை அவரிடம் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். அவர் அம்மா இருட்டில் போனது அவராகத் தேர்ந்தெடுத்துப் போனதில்லை. போகும்போது துணைக்கு ஆள் தேடியிருப்பார், சத்தம் கேட்டால் எழுந்து நின்றிருப்பார், வெளிச்சம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். அந்த உடம்பின் நினைவு மகளுக்கும் வந்திருக்கிறது. அதே தேசிய வனத்தில் கொஞ்சம் கட்டணம் கட்டினால் கழிப்பறையோடு முகாம் தளங்கள் இருக்கின்றன. அடுத்த முறை அங்கே போங்கள். நட்சத்திரம் அங்கேயும் அதே அளவுதான் தெரியும். அவர் வரமாட்டேன் என்றால் மகளை மட்டும் கூட்டிப்போங்கள். வீட்டில் அவர் இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கட்டும்.

போகும்முன் தீத்தடை இருக்கிறதா என்று அந்த வனத்தின் அலுவலகத்தில் கேளுங்கள். தடை இருந்தால் நெருப்பில்லாமல் உட்காருங்கள், குளிருக்குக் கம்பளி போதும். குடிக்கக் கொண்டுபோகும் தண்ணீரைத் தவிர நெருப்புக்கென்று தனியாக ஒரு கேன், ஒரு மண்வெட்டி. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அணைக்கத் தொடங்குங்கள். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கூடாரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் படுத்தது நண்பருடையதில். பச்சை நிறம் என்பது மட்டும்தான் நினைவிருக்கிறது. ஒழுகியது.

அன்புடன்.